அஸ்பெஸ்டஸ் ஆலையில் உழைத்த அப்பாவுக்குப் புற்றுநோய்: இப்போதும் நட்டஈடு கேட்கலாமா?

மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 68. 1981 முதல் 1997 வரை கொழும்புக்கு வெளியே ஒரு கூரைத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்திருக்கிறார். முதல் ஆறேழு வருடங்கள் அஸ்பெஸ்டஸ் மூட்டைகளைப் பிரித்துக் கலவைத் தொட்டியில் கொட்டுகிற வேலை, அதன் பிறகு சீட் வெட்டுகிற பகுதி. முகத்தில் கட்டிக்கொண்டது வீட்டிலிருந்து கொண்டுபோன கைலேஞ்சிதான். வேலை முடிந்து வந்தால் சாரத்தையும் சேர்ட்டையும் முற்றத்தில் உதறிவிட்டுத்தான் அம்மா தோய்ப்பார். 1997இல் ஆட்குறைப்பு வந்தபோது ஒரு தொகையைக் கொடுத்து, 'இனிமேல் கம்பனியிடம் எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற கடிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பத்து வருடமளவில் கூரை போடும் பாஸாகச் சொந்தமாக உழைத்திருக்கிறார்.

போன ஆவணியில் மூச்சு வாங்குகிறது என்று போக, நெஞ்சில் நீர் கட்டியிருப்பதாகச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். இந்த மாசியில் பயொப்சி முடிவு வந்தது: மீசோதீலியோமா. பழைய கம்பனி இப்போது வேறு பெயரில் இயங்குகிறது. அங்கே விசாரித்த அண்ணனிடம், "நாங்கள் பாவித்தது வெள்ளை அஸ்பெஸ்டஸ், அதில் ஆபத்தில்லை, உங்கள் அப்பா சிகரெட் குடித்தவர்தானே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். லண்டனிலுள்ள மாமா அங்கே இதற்குப் பெரிய தொகை கிடைக்கும் என்கிறார். அமெரிக்கச் சட்டத்தரணி ஒருவரின் முகவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வட்ஸ்அப்பில் கடவுச்சீட்டுப் பிரதியும் பதிவுக் கட்டணமும் கேட்கிறார். அப்பாவோ, "சோறு போட்ட இடத்துக்கு எதிராக வழக்குப் பேச மாட்டேன்" என்கிறார். நாங்கள் என்ன செய்யலாம், நாள் கடந்துவிட்டதா, என்பது கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

நாள் கடந்துவிடவில்லை. ஆனால் தாராளமாக நாள் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றியும் கம்பனியைப் பற்றியும் நிறைய இருக்கிறது. வழக்கின் நிலைப்பாடு தங்கியிருப்பது அப்பாவின் வாயிலிருந்து வரவேண்டிய விபரங்களில். அவை இன்னும் எந்தக் கடதாசியிலும் ஏறவில்லை. மற்றதையெல்லாம் பிறகு தேடிக்கொள்ளலாம், அதைத் தேட முடியாது. அதனால் நீங்கள் கேட்ட ஒழுங்கில் அல்லாமல் என் ஒழுங்கில் பதில் சொல்கிறேன்.

நோயின் பெயர் ஏன் முக்கியம்

அஸ்பெஸ்டஸ் தூசியால் வரும் நோய்கள் பல. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது அஸ்பெஸ்டோசிஸ். நுரையீரலுக்குள் வரும் புற்றுநோய் வேறு. நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் புற்றுநோய்தான் உங்கள் அப்பாவுக்கு வந்திருக்கும் மீசோதீலியோமா. வைத்தியருக்கு இவை தனித்தனி நோய்கள். சட்டத்தரணிக்குத் தனித்தனி வழக்குகள். மீசோதீலியோமாவின் பிரதான காரணம் அஸ்பெஸ்டஸ் என்பதில் மருத்துவ உலகில் தகராறு இல்லை. தூசியைச் சுவாசித்த காலத்துக்கும் நோய் தலைகாட்டும் காலத்துக்கும் இடையில் 20 முதல் 50 வருடங்கள் போகலாம். 1981இல் மூட்டை பிரித்தவருக்கு இப்போது நோய் வந்திருப்பது இந்தக் கணக்குக்குள் சரியாக விழுகிறது.

கம்பனியில் சொன்ன இரண்டு பதில்களும் இந்த இடத்தில் நிற்காது. புகைத்தல் மீசோதீலியோமாவுக்குக் காரணம் அல்ல. நுரையீரல் புற்றுநோய் என்றால் சிகரெட் கதை வரும். அங்கேகூட அது தொழிற்சாலையைக் காப்பாற்றாது. 1979இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரண்டுமே இல்லாதவரோடு ஒப்பிட்டால் புகைக்காத அஸ்பெஸ்டஸ் தொழிலாளிக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 மடங்காகவும், அஸ்பெஸ்டஸில் வேலை செய்யாமல் புகைப்பவருக்கு 10 மடங்குக்கு மேலாகவும், இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கு மேலாகவும் இருந்தது. அதாவது புகைக்கிறவரைத் தூசிக்குள் விட்ட முதலாளியின் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது.

'வெள்ளை' என்ற பதிலும் அப்படித்தான். கிரைசோடைல் எனப்படும் வெள்ளை உட்பட எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு. 'வெள்ளை என்றால் பயமில்லை' என்பது விற்கிறவர்களின் பேச்சு. நம் நாட்டில் அந்தப் பேச்சுக்கு எவ்வளவு பலம் என்பதை 2017 மார்கழியில் பார்த்தோமே! அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்த அரசாங்கம் நாள் குறித்திருந்த நேரத்தில், தேயிலைப் பொதியில் வண்டு இருந்தது என்று ரஷ்யா நம் தேயிலைக்குத் தடை போட்டது. இங்கே அஸ்பெஸ்டஸ் தடை பின்வாங்கப்பட்டது, அங்கே தேயிலைத் தடை நீங்கியது. வெள்ளை அஸ்பெஸ்டஸை உலகத்துக்கு அதிகம் விற்கும் நாடு எது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு பொருளை இறக்குமதி செய்ய அனுமதி இருப்பது வேறு, அதில் வேலை செய்பவரைப் பாதுகாக்கும் கடமை வேறு. சட்டப்படி வந்த மூட்டைதான் என்பதால் தூசிக்குள் ஆளை விடும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூசியை அகற்றும் கடமையை அப்போதே தொழிற்சாலை நடத்துபவர் மேல் வைத்திருந்தது.

அப்பா பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே

இந்த வாரமே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு, அப்பாவுக்குக் களைப்பில்லாத நேரமாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கேளுங்கள். எந்த வருடம் எந்தப் பகுதி, ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை, கத்தியால் கிழித்தாரா கையால் பிரித்தாரா, வெறும் சாக்கை என்ன செய்தார்கள், மூட்டையில் எந்த நாட்டின் பெயர் இருந்தது, தூசியை இழுக்கும் மின்விசிறி இருந்ததா, இருந்தால் ஓடியதா, தரையைக் கூட்டியது விளக்குமாறா தண்ணீரா, முகக்கவசம் கொடுத்தார்களா, நெஞ்சுப் படம் எடுத்தார்களா, மேற்பார்வையாளர் யார், பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் யார். 'தூசிக்குள் வேலை செய்தேன்' என்ற ஒரு வரியை வைத்து எந்தச் சட்டத்தரணியாலும் வழக்குப் பேச முடியாது. 'காலை ஷிப்டில் நாற்பது மூட்டை, கிழிக்கும்போது எதிரில் நிற்கிறவனின் முகம் தெரியாது' என்றால் பேசலாம்.

எழுதி முடிந்ததும் அதை ஒரு சட்டத்தரணி மூலம் சத்தியக் கடதாசியாக்கி, சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிடச் செய்யுங்கள். நடக்க முடியாவிட்டால் அவரை வீட்டுக்கோ வாட்டுக்கோ அழைக்கலாம். கைத்தொலைபேசியில் வீடியோவும் எடுத்து வையுங்கள், ஆனால் அது மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். சிவில் வழக்குப் போட்டுவிட்டால், போதிய காரணம் காட்டி, வழக்கு விசாரணைக்கு எடுக்கப்படும் முன்பே சாட்சியைப் பதிவுசெய்யுமாறு கேட்க சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இடமிருக்கிறது. எதிர்த்தரப்புக் குறுக்கு விசாரணையும் செய்து முடித்த சாட்சியம் என்பதால் அதன் பெறுமதி தனி.

அடுத்தது வைத்தியசாலைப் பதிவு. கட்டில் அட்டையில், அதாவது எல்லோரும் பி.எச்.டி என்கிற அந்தக் கோவையில், தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'ஓய்வு பெற்றவர்' என்றோ 'மேசன்' என்றோதான் பெரும்பாலும் இருக்கும், கேட்கிற நேரத்தில் வீட்டார் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, 1981 முதல் 1997 வரை அஸ்பெஸ்டஸ் தகட்டு ஆலையில் நேரடியாக மூட்டை பிரித்தவர் என்பதை வைத்தியரிடம் சொல்லிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். நோய் நிர்ணய அட்டை, பயொப்சி அறிக்கை, சீ.டி. ஸ்கேன் படங்கள் எல்லாவற்றிலும் பிரதி எடுத்து வையுங்கள். திசு மாதிரியை ஆய்வுகூடம் பாதுகாக்கும். பின்னால் இன்னொரு நிபுணர் பார்க்க வேண்டி வரலாம் என்பதால் அறிக்கையிலுள்ள மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்ததற்கு அத்தாட்சி இல்லையே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அடையாள அட்டை தொலைந்தால் போகட்டும், ஊழியர் சேமலாப நிதி இருக்கிறதே. அப்பாவின் பி அட்டையிலோ பழைய கணக்குக் கூற்றிலோ தொழில்தருநரின் இலக்கமும் அங்கத்தவர் இலக்கமும் இருக்கும். 55 வயதில் பணத்தை எடுத்துவிட்டார் என்பதால் சேவைக்காலம் நடந்திராததாகிவிடாது. தொழில் திணைக்களத்திடமும் மத்திய வங்கியிடமும் எழுத்தில் விபரம் கேளுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. ஆலைக்குள் தொழிற்சாலைப் பரிசோதகர்கள் போய் எழுதிய அறிக்கை ஏதும் இருக்கிறதா என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கவும் முடியும். அவ்வளவு பழைய கடதாசி கிடைக்காமலும் போகலாம். கேட்பதற்குச் செலவு அதிகமில்லை, கேட்டுப் பார்க்கலாம்.

பெயர் மாறிய கம்பனி விடயம் நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சிக்கல் இல்லை. பெயர் மட்டும் மாறியிருந்தால் பொறுப்பு அப்படியே தொடரும். வேறு ஆட்கள் ஆலையை வாங்கி நடத்துகிறார்கள் என்றால்தான் யோசிக்க வேண்டும். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கோவையைப் பார்த்தால் எது நடந்தது என்று தெரிந்துவிடும்.

எங்கே கேட்பது

முதலாவது, வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளர். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் விபத்துக்கு மட்டுமல்ல, தொழிலால் வந்த நோய்க்கும் நட்டஈடு கேட்கலாம். இங்கே முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை, வேலையால் வந்தது என்று காட்டினால் போதும். தொழில்நோய்கள் அட்டவணைப்படுத்தப்பட்டிருக்கின்றன; பயொப்சி அறிக்கையிலுள்ள நோயை அந்த அட்டவணையின் இன்றைய வடிவத்தோடு வைத்துப் பார்ப்பதுதான் உங்கள் சட்டத்தரணி செய்யும் முதல் வேலையாக இருக்க வேண்டும். வேலையை விட்டு இத்தனை வருடம் கழித்து எப்படி என்று எதிர்த்தரப்புக் கேட்கும். அதற்குப் பதில் மருத்துவ நிபுணரின் வாயிலிருந்து வரவேண்டும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் அதை ஏற்கும் தற்துணிபு ஆணையாளருக்கு உண்டு. மாசியில்தான் நோயின் பெயரே தெரிந்தது என்பது நியாயமான காரணம்தான்.

தொகையைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 2022இல் வந்த திருத்தத்தின் பிறகு இந்தச் சட்டத்தின் கீழ் கிடைக்கக்கூடிய ஆகக்கூடிய தொகை 20 இலட்சம் ரூபா. அதற்கு முன் ஐந்தரை இலட்சம்தான். சம்பளத்தையும் இயலாமையின் அளவையும் பொறுத்து அதிலும் குறையலாம். புதிய வரம்பா பழைய வரம்பா என்பது எந்தத் திகதியில் நோய் வந்ததாகக் கொள்வது என்பதில் தங்கியிருக்கும். மாமா சொன்ன தொகையை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் படியேறினால் ஏமாந்து போவீர்கள்.

இரண்டாவது, மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு. இங்கே உச்சவரம்பு கிடையாது. ஆனால் கம்பனி கவனயீனமாக நடந்தது என்று நிரூபிக்க வேண்டும், காலமும் பிடிக்கும், செலவும் உண்டு. 1997க்குப் பிறகு சொந்தமாகச் சீட் வெட்டியதால் வந்ததுதான் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். அதை மறைக்கப் பார்க்காதீர்கள். அப்பாவே தன் சத்தியக் கடதாசியில் அதைச் சொல்லி, திறந்த வெளியில் வெட்டியதையும் மூடிய கொட்டகையில் மூட்டை பிரித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும்.

காலவரையறைச் சட்டம் பழையது, 1871ஆம் ஆண்டினது. அதன் 9ஆம் பிரிவின்படி இத்தகைய வழக்குக்கு, வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம். கம்பனி 1997இலிருந்து எண்ணச் சொல்லும், நாம் நோய் வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணுவோம். நோய் வெளிப்பட்ட நாள் என்பதை மாசி என்று வைத்துக்கொள்ளாமல், முதலில் நீர் எடுத்த ஆவணி என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அப்படியானால் அடுத்த வருட ஆவணிக்குள் வழக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போய் இரண்டு இடத்திலும் பணம் வாங்க முடியாது. ஒன்றைத் தொடங்கினால் மற்றது அடைபடக்கூடும் என்பதால், எதிலும் கையெழுத்து வைப்பதற்கு முன் சட்டத்தரணியோடு உட்கார்ந்து எது உங்களுக்கு ஏற்றது என்று முடிவெடுங்கள். கைக்காசு இல்லையென்றால் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணமில்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், உங்கள் நிலைமையில் முதலில் ஆணையாளரின் வழியை நன்றாக ஆராய்ந்து பார்ப்பேன். நோயாளியின் உடல்நிலையும் வீட்டின் செலவும் பத்து வருட வழக்கைத் தாங்காது.

1997இல் கொடுத்த கடிதம் இந்த நட்டஈட்டைத் தடுக்காது என்பதே என் கருத்து. வேலையாள் தன் நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுத்தாலும் இந்தக் கட்டளைச் சட்டத்தின் முன் அது செல்லாது. அன்றைக்கு யாருக்கும் தெரியாத நோயைப் பற்றி அப்பா எப்படி உரிமை துறந்திருக்க முடியும்? அதன் பிரதி இருந்தால் கொண்டுபோங்கள். அப்போது கொடுத்த பணத்தில் பணிக்கொடை சரியாகச் சேர்ந்ததா என்பதையும் அதோடு பார்த்துக்கொள்ளலாம்.

எழுதத் தயங்கிய கேள்வி ஒன்றும் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா இருக்கும்போது முடியாவிட்டால்? தங்கியிருப்போர் என்ற முறையில் அம்மா ஆணையாளரிடம் கேட்கலாம். பிறருடைய தவறால் நேர்ந்த மரணத்துக்கு, வருமான இழப்போடு நில்லாமல் இழந்த அன்புக்கும் பராமரிப்புக்கும்கூட நட்டஈடு கேட்க 2019இல் வந்த சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால் அவர் பட்ட வேதனைக்கான நட்டஈடு அவரோடேயே போய்விடக்கூடியது. நம் உரோமன் டச்சுச் சட்டத்தில், வழக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே உரிய கட்டத்தை எட்டியிருந்தால்தான் அது வாரிசுகளுக்கு வரும். இறப்புச் சான்றிதழில் காரணம் என்னவென்று எழுதப்படுகிறது என்பதும் வழக்கையே தீர்மானிக்கும். வீட்டில் நடக்கும் மரணங்களில் 'மூச்சுத் திணறல்' என்றோ 'முதுமை' என்றோ பதிந்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். நோய் நிர்ணய அட்டையை முன்னால் வைத்து நோயின் பெயரையே எழுதச் சொல்லுங்கள். தகராறு வரும்போல் இருந்தால் சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனையைக் கேட்கவும் தயங்க வேண்டாம். இதை அப்பாவின் காதில் போடத் தேவையில்லை, அண்ணன் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

அப்பாவின் மனம்

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த தலைமுறை. அதைக் கேலி செய்யாதீர்கள், வாதாடியும் வெல்லப் பார்க்காதீர்கள். அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள்: இத்தகைய நட்டஈட்டுக்காகத் தொழில்தருநர்கள் காப்புறுதி எடுப்பதுண்டு, சட்டமே வேலையாளுக்கென்று ஒதுக்கி வைத்த பணம் இது. ஆணையாளரிடம் விண்ணப்பிப்பது பழைய முதலாளியைக் கூண்டில் ஏற்றுவதாகாது. பக்கத்தில் நின்று மூட்டை பிரித்த கூட்டாளிகள் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்காகப் பேச அவர் முன்வரலாம். அப்படியும் வேண்டாம் என்றால், அது அவருடைய முடிவு. சத்தியக் கடதாசியை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளக் கேளுங்கள்.

லண்டன், அமெரிக்கா, வட்ஸ்அப்

மாமா சொல்வதில் பொய்யில்லை, அது உங்களுக்குப் பொருந்தாது என்பதுதான் விடயம். பிரித்தானியாவில் 2014 முதல், காப்புறுதியையோ முதலாளியையோ கண்டுபிடிக்க முடியாத மீசோதீலியோமா நோயாளிகளுக்கென்று ஒரு கொடுப்பனவுத் திட்டம் இருக்கிறது. ஆனால் அங்கே வேலை செய்து தூசியைச் சுவாசித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஜோன்ஸ் மான்வில் என்ற பெரிய அஸ்பெஸ்டஸ் கம்பனி 1982இல் வங்குரோத்து என்று நீதிமன்றம் போன பிறகு, நோயாளிகளுக்காக நம்பிக்கை நிதியம் ஒன்று உருவானது. மற்றக் கம்பனிகளும் அதே வழியில் போயின. அந்த நிதியங்களில் கேட்பதென்றால் அந்தந்தக் கம்பனியின் பொருளில் வேலை செய்ததைக் காட்ட வேண்டும்.

ஒரேயொரு விதிவிலக்கை ஆராயலாம். அப்பாவின் ஆலை அந்தக் காலத்தில் ஏதாவது வெளிநாட்டுத் தாய்க் கம்பனியின் பிடியில் இருந்ததா? கேப் என்ற பிரித்தானியக் கம்பனிக்கு எதிராகத் தென்னாபிரிக்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் லண்டனிலேயே வழக்குத் தொடரலாம் என்று, அன்றைய பிரித்தானிய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை 2000இல் தீர்ப்பளித்தது. கம்பனிப் பதிவாளரிடம் கோவை பார்க்கும்போது பங்குதாரர்களின் பெயர்களையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். வெளிநாட்டுப் பெயர் இருந்தால் அதன் பிறகு மாமாவின் உதவியைக் கேட்கலாம்.

வட்ஸ்அப் ஆளுக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். அமெரிக்காவில் இத்தகைய வழக்கு எடுக்கும் சட்டத்தரணிகள் வென்ற பணத்தில்தான் பங்கு எடுப்பார்கள், நோயாளியிடம் பதிவுக் கட்டணம் கேட்பது அங்கே வழக்கமில்லை. கடவுச்சீட்டுப் பிரதியை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் அந்த உரையாடலை அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள்.

அம்மாவைப் பற்றியும் வீட்டுக் கூரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேலையுடுப்பைத் தோய்த்த மனைவிமாருக்கு இந்த நோய் வந்தது 1960களிலேயே பதிவாகியிருக்கிறது. அப்படி எல்லோருக்கும் வருவதில்லை. ஆறாத இருமலோ மூச்சு வாங்குதலோ நெஞ்சு நோவோ வந்தால், உடுப்புத் தோய்த்த விபரத்தையும் சேர்த்து வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள். வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் அம்மாவுக்குப் பொருந்தாது, அவர் அங்கே வேலை செய்தவர் அல்லவே. கூரையிலுள்ள சீட் உடையாமல் கிடக்கும்வரை பெரிதாகப் பயப்பட வேண்டாம். பாசி பிடித்திருக்கிறது என்று உரஞ்சவோ, கிரைண்டர் போட்டு வெட்டவோ, துளையிடவோ யாரையும் விடாதீர்கள். மாற்றுவதானால் நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள். அந்த நேரம் அப்பாவும் பிள்ளைகளும் வேறு வீட்டில் இருக்கட்டும்.